கழுத்தில் இரண்டு கோடு

கல்யாணமாகி நான் கல்கத்தாவுக்கு வந்த புதிது. பவானிபூரில் கீழே நாங்கள், மாடியில் ஒரு வங்காளிக் குடும்பம். இரண்டாம் மாதமே என் சமையலறையில் கரப்பான் பூச்சிகள் மொய்த்தன. மாடியில் மீன் சமைப்பதால்தான் என்று நானே முடிவு செய்து, வீட்டுச் சொந்தக்காரரிடம் புகாரும் சொன்னேன். அவர் மாடிக்குப் போய், வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கத்தியது கீழே எனக்குக் கேட்டது.

மறுநாள் காலை மாடி பௌதி இறங்கி வந்தார். அண்ணியை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். அவர் கையிலிருந்த தட்டில் இரண்டு செத்த கரப்பான்கள். அவருடைய வங்காளிப் பேச்சு எனக்கு அதற்குள் ஓரளவு புரிந்தது.

"இந்தப் பெரிய சிவப்பு ஆர்ஷோலா சாக்கடைலேர்ந்து வர்றது. மாடில இதுதான் இருக்கு. இந்தச் சின்னது உன் வாசல்ல கிடந்தது. கழுத்துல ரெண்டு கறுப்புக் கோடு பாரு. இதை நான் இந்த வீட்டுல பாத்ததே இல்லை. உன் சாமானெல்லாம் எதுல வந்தது?"

மதராஸிலிருந்து கப்பலில் வந்த மரப்பெட்டியைக் காட்டினேன். அடியில் விரித்திருந்த காகிதத்தைத் தூக்கினதும், கோடு போட்ட குஞ்சுகள் நாலாபக்கமும் ஓடின.

"மன்னிச்சுடுங்கோ பௌதி" என்று தமிழிலேயே அழுதேன். அவர் மாடிக்குப் போய், கொதிக்கும் வெந்நீரோடு திரும்பி வந்தார். இருவருமாகப் பெட்டியை முற்றத்துக்கு இழுத்துக் கழுவினோம். அன்றே வீட்டுச் சொந்தக்காரரிடம் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர்கள் காலி செய்யவில்லை.

அந்தப் பெட்டியைப் பற்றி பௌதி பிறகு யாரிடமும் பேசியதில்லை. என் நன்றியைச் சொல்ல அன்று வங்காளி போதவில்லை. இன்று எழுத உட்கார்ந்தால் தமிழும் போதவில்லை.