கழலாத செயின்

தாயிஸ் நகரத்தில் பைக் ஓட்டிப் பிழைப்பவர்களில் முக்பிலைப் போல ஒரு கிறுக்கன் கிடையாது. விடிகாலைத் தொழுகை முடிந்ததும் பைக்கை நடு ஸ்டாண்டில் தூக்கி நிறுத்துவான். செயினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, எண்ணெய் விட்டு, பின்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, எங்கே இறுகுகிறது என்று விரலால் அழுத்திப் பார்ப்பான். அச்சு நட்டைத் தளர்த்தி, இருபக்கமும் ஒரே அளவில் இழுத்து முடுக்குவான். தினமும் கழற்ற வேண்டியிருக்கிறதே என்று செயின் கவரையே தூக்கி எறிந்துவிட்டான்.

“என்னப்பா, குளிப்பாட்டியாச்சா? பவுடர் போடலையா?” என்பான் சக ஓட்டுநர் ஹஸ்ஸாம்.

“உன் வண்டி வர்றது ஊருக்கே கேக்குது. என் வண்டி பக்கத்துல வந்தாக்கூடத் தெரியாது. அதைப் பாரு முதல்ல.”

அதுதான் அவன் பெருமை. சத்தமே போடாத, கழலவே கழலாத செயின்.

அண்ணன் நாஜி சவூதியில் இருந்தான். அவன் மனைவி நூரியா வீட்டில் துணி தைத்துத்தான் குடும்பம் ஓடியது. பெருநாளுக்கு முந்தைய வாரம், தைத்த கவுன்களைக் கடையில் சேர்க்க அவளை முக்பில் பின்னால் ஏற்றிக்கொண்டான். இருவருக்கும் நடுவில் துணிப்பை. அண்ணன் மனைவியை அவன் நிமிர்ந்து பார்த்ததேயில்லை. பேசுவதுகூட ரோட்டைப் பார்த்துத்தான்.

கடைவீதி ஏற்றத்தில், நூரியா தலையோடு போர்த்தியிருந்த அபாயா அங்கியின் நுனியைச் செயின் கவ்வியது. ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. அவள் பையைத் தட்டினாள். அவசரப்படுத்துகிறாள் என்று நினைத்து அவன் முறுக்கினான்.

“நிறுத்துங்க தம்பி! நிறுத்துங்க!”

நிறுத்தித் திரும்பினான். இழுத்த இழுப்பில் முகத்திரையும் முக்காடும் உருவிப் போயிருந்தன. நடுவீதியில் அவள் முகமும் கூந்தலும் வெட்டவெளிச்சமாக! முக்பிலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டென்று முன்பக்கம் திரும்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

அவள் இறங்கி, கழுத்தை நெரித்த துணியைச் செயினிலிருந்து பிடுங்க ஆரம்பித்தாள்.

“அசைக்காதீங்க, நானே எடுத்துடறேன்.”

அவனுக்குக் காதில் விழவில்லை. ஊர் பார்க்கிறதே, ஊர் பார்க்கிறதே என்பது ஒன்றுதான் மண்டைக்குள். சிக்கிய துணி வர வேண்டுமென்றால் வண்டியைப் பின்னால் உருட்ட வேண்டும். அது அவனுக்குத் தெரியாதா? மூடிய கண்ணைத் திறக்காமலே உருட்டிவிட்டான், படுபாவி.

அவள் போட்ட அலறலில் கடைக்காரர்களும், எதிரே சவாரிக்குக் காத்து நின்ற ஹஸ்ஸாமும் ஓடிவந்தார்கள். வலதுகையின் இரண்டு விரல்கள் செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் போயிருந்தன. தொளதொளவென்ற செயினாக இருந்தால் விரல் பட்டதும் கழன்று விழுந்திருக்கும். இது முக்பில் முடுக்கிய செயின், கழலவில்லை.

ஆஸ்பத்திரியில் அந்த விரல்களை எடுத்துவிட்டார்கள். கத்தரி பிடிக்கிற விரல்கள், ஊசி பிடிக்கிற விரல்கள்.

வீடு திரும்பிய அன்றே நாஜி போன் செய்தான். முக்பில் ஸ்பீக்கரில் போட்டு, நூரியாவுக்கும் கேட்கட்டும் என்று பாய்மேல் வைத்தான். திட்டட்டும், என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று தலையைக் குனிந்து உட்கார்ந்தான்.

“தம்பி, ஹஸ்ஸாம் எல்லாத்தையும் சொன்னான்டா. மதினி முக்காடு விலகினதும் கண்ணை மூடிக்கிட்டியாமே? நம்ம வீட்டு மானத்தைக் காப்பாத்திட்டடா! உன்னை மாதிரி தம்பி யாருக்குக் கிடைப்பான்?”

திட்டியிருந்தால்கூட முக்பில் தாங்கியிருப்பான்.

நூரியா கட்டுப்போட்ட கையோடு போனருகே நகர்ந்தாள். “அவர் கண்ணைத் திறந்து பாத்திருந்தா என் கை தப்பிச்சிருக்கும்ங்க. இனி நான் எதை வெச்சு ஊசி பிடிப்பேன்?”

நாஜி தாழ்ந்த குரலில் கேட்டான்.

“அது இருக்கட்டும். உன் முகத்தை வேற யார் யார் பாத்தாங்க?”