ஆஸ்பத்திரி வாசலில் சாம்பார் சாதம்

தென்னூர்ப் பக்கம் இருக்கும் சின்ன மெதடிஸ்ட் சபை எங்களுடையது. எல்லாவற்றையும் ஒழுங்குமுறையோடு செய்கிறவர்கள் என்று ஒரு காலத்தில் கேலியாக வைத்த பெயர் அது. நாங்கள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டுவிட்டோம். விசுவாசம் செயலில் தெரிய வேண்டும் என்பது எங்கள் போதனை. ஆகவே புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி வாசலில், நோயாளிகளோடு வந்திருப்பவர்களுக்குச் சனிக்கிழமை மதியம் சாப்பாடு கொடுப்பதென்று பெண்கள் ஐக்கியம் தீர்மானித்தது. நான் அதன் செயலாளர்.

முதல் வாரம், மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு மாமியிடம் காலித் தட்டை நீட்டி வரிசைக்குக் கூப்பிட்டேன். ஸ்ரீரங்கத்துக்காரர். கணவர் உள்ளே ஐசியூவில்.

"தப்பா நினைச்சுக்காதீங்கோ. நான் வெளியில சாப்பிடறதில்லை" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. திரும்பி வந்து, பரிமாறுவதற்கு முன் செய்யும் ஜெபத்துக்காகக் கண்ணை மூடிக்கொண்டேன். எங்கள் தலைவி நீளமாக ஜெபிக்கிறவர். கண்ணைத் திறந்தபோது வரிசை கலைந்து, கூட்டம் அண்டாவைச் சுற்றி நெருக்கிக்கொண்டிருந்தது. ஒரு பெரியவர் தடுமாறி விழப் பார்த்தார். தலைவி பொறுமையைப் பற்றிச் சத்தமாகப் பேசினார். யாரும் கேட்கவில்லை.

மாமி எழுந்து வந்தார். "வயசானவா, குழந்தை வச்சிண்டிருக்கிறவா முன்னாடி வாங்கோ. மத்தவா செவுத்தோரமா நில்லுங்கோ. எல்லாருக்கும் இருக்கு."

நின்றார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஜெபத்தைச் சித்த சுருக்கிக்கோங்கோ. சாதம் ஆறிடறது" என்றார். அதைச் சொன்னது யார் என்று சொல்லாமல் கமிட்டியில் வைத்தேன். ஏகமனதாக நிறைவேறியது.

மாமியின் கணவர் குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை மாமி பஸ் ஏறி வந்து நின்றார். எங்கள் ஆட்களில் ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்குப் பாடகர் குழுப் பயிற்சி, தலைவிக்கு முட்டிவலி. நானும் மாமியும்தான் பரிமாறினோம்.

"அதான் சார் நல்லாயிட்டாரே, எதுக்கு இவ்ளோ தூரம் வர்றீங்க?" என்று கேட்டேன்.

"அன்னிக்கு சும்மா உக்காந்திருந்தா எனக்குப் பைத்தியமே பிடிச்சிருக்கும். நீங்கதான் ஒரு வேலையைக் கொடுத்தேள்."

அந்த ஞாயிற்றுக்கிழமை போதகர், பூரண அன்பு இந்த வாழ்க்கையிலேயே கைகூடும் என்று உருக்கமாகப் பிரசங்கம் செய்தார். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. ஆண்டறிக்கையில் மாமியைச் சேர்ப்பதா என்பது விவாதம்.

"அவங்க நம்ம சபை இல்லையே. பேரைப் போட்டா நாளைக்கு நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க" என்றார் தலைவி. கடைசியில் 'நண்பர் ஒருவர்' என்று போடுவதாக முடிவானது.

எனக்கு வெட்கமாக இருந்தது. சனிக்கிழமை தயங்கித் தயங்கி மாமியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

மாமி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிம்மதியாகச் சிரித்தார். "நல்லதாப் போச்சு. நானும் ஆத்துல பெருமாள் சேவிக்கப் போறேன்னுதான் சொல்லிட்டு வரேன்."