எட்டரை மணிக் கதவு

நசரத்பேட்டையை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரியில் நான் வாத்தியார். காலை எட்டரைக்கு வகுப்புக் கதவைச் சாத்திவிடுவேன். கல்லூரிப் பேருந்து தாமதமானால் மட்டும் சாத்த மாட்டேன். அதில் வருபவர்களுக்காக வகுப்பே காத்திருக்கும். ரயிலில் வருபவர்கள் வராந்தாவில் நிற்கலாம். விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்று பெருமையடித்துக்கொள்வேன்.

வேப்பம்பட்டிலிருந்து ஒரு மாணவி வருவாள். ஆவடி வரை ரயில், பிறகு பஸ், பிறகு ஷேர் ஆட்டோ. பாதிப் பாடத்தை ஜன்னலோரம் நின்றுதான் கேட்பாள், நோட்டைச் சுவரில் வைத்து எழுதுவாள். பதிவேட்டில் ஆப்சென்ட். இன்னும் ஒரு நாள் ஆப்சென்ட் ஆனால் அவளுக்குத் தேர்வெழுத ஹால் டிக்கெட் கிடையாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அப்போது பார்த்து, 'எல்லா மாணவருக்கும் சமமான வகுப்பறை' என்று ஒரு கருத்தரங்கு வைத்தார்கள். அன்றைய வருகைப்பதிவும் அங்கேதான். எட்டரைக்கு அரங்கக் கதவைச் சாத்தினேன். அவள் பத்து நிமிடம் கழித்து வந்தாள். சிறப்பு விருந்தினர் ஒரு மணி நேரம் கழித்து வந்தார். கதவை அகலத் திறந்தோம். எல்லாரும் எழுந்து கைதட்டினோம்.

"டிராஃபிக்ல ரொம்பக் கஷ்டப்பட்டுட்டீங்க சார்," என்று உருகினார் எங்கள் துறைத் தலைவர்.

விருந்தினர் பின்னாலேயே நுழையப் பார்த்த அவளைக் கை நீட்டி மறித்தவன் நான்தான். மாணவர்களின் சூழ்நிலையை ஆசிரியர் புரிந்துகொள்ள வேண்டும் என்று விருந்தினர் பேசினார். குறிப்பெடுத்துக்கொண்டேன்.

கூட்டம் கலைந்ததும் அவள் கேட்டாள். "சார், ஆவடிகிட்ட ரயிலு நின்னுகினே இருந்துச்சு சார். அவரும் லேட்டாதான வந்தாரு? அவருக்கு மட்டும் எப்டி சார் தொறந்தீங்க?"

கோபம்தான் முதலில் வந்தது, கையும் களவுமாகப் பிடிபட்டவனின் கோபம். அப்புறம் வெட்கம். அவளுக்கு வருகை போடலாமா என்று துறைத் தலைவரிடம் போய் நின்றேன்.

"ஒருத்திக்கு மட்டும் சலுகை குடுத்தா, அப்புறம் சமத்துவம் எங்க சார் இருக்கு?" என்றார்.

திரும்பி வந்து பதிவேட்டில் ஆப்சென்ட் போட்டேன். அவள் அந்தத் தேர்வை எழுதவில்லை.

கருத்தரங்கின் பயனாக ஒவ்வொரு வகுப்புக் கதவிலும் வெளிப்பக்கம் ஒரு பலகை அடித்தார்கள்: 'இங்கே அனைவருக்கும் இடமுண்டு.' கதவைத் திறந்து வைத்தால் பலகை சுவர்ப்பக்கம் மறைந்துவிடும்.

அடுத்த ஆண்டு அதே பாடத்துக்கு அவள் திரும்ப வந்தாள். முதல் நாளே ரயில் தாமதம். நான் எட்டரைக்குச் சாத்திய கதவின் முன் நின்று, அந்தப் பலகையை முதலில் படித்தவள் அவள்தான்.