ஸ்வெட்டர் கடை பாய் போய்விட்டார், மகளிடம் நான் எப்படிச் சொல்வது

நூர்தீன் பாய் போய்விட்டார்...

நம்ம கொடைக்கானல் பஜாரில் ஸ்வெட்டரும் குல்லாவும் விற்பாரே, அவர்தான். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

அவருடைய மகன் கன்னிவாடியிலிருந்து போன் பண்ணினான். நான் ஹோட்டல் ரிசப்ஷனில் நிற்கிறேன், எதிரே கெஸ்ட் சாவி கேட்டுக்கொண்டிருக்கிறார். எனக்குக் காதில் எதுவும் விழவில்லை. பாதி ஷிஃப்டில் சொல்லிவிட்டுக் கிளம்பி வந்துவிட்டேன்.

இப்போது அவருடைய மூடிய கடைப் படியில் உட்கார்ந்து இதை டைப் பண்ணுகிறேன். கொஞ்ச நேரத்தில் ஸ்கூல் விட்டு என் மகள் நேரே இங்கேதான் வருவாள். அவளுக்கு இன்னும் தெரியாது.

நான்தான் சொல்ல வேண்டும். அவளோ என்னிடம் ஒழுங்காகப் பேசி ஒரு வருஷம் ஆகப்போகிறது.

"ம்", "தெரியல", "விடும்மா"... இவ்வளவுதான் வரும். பிளஸ் ஒன் சேர்ந்ததிலிருந்து இப்படி. என்ன காரணம் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. கெஞ்சினேன், திட்டினேன், கவுன்சிலரிடம் கூட்டிப் போனேன். அங்கேயும் "ம்"தான்.

அவள் வாய் திறந்தது இந்தக் கடையில் மட்டும்தான்.

என் ஷிஃப்ட் முடிய ஆறு மணி ஆகும், அதுவரை இங்கே உட்கார்ந்திருப்பாள். பாய்க்கு வாய் சும்மா இருக்காது. டூரிஸ்ட் வேன் வந்து நின்றால், இறங்குகிற ஆட்களைப் பார்த்தே எந்த ஊர் என்று சொல்லியாக வேண்டும். பஜார்க் கடைக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான், அதை வைத்துத்தானே விலையே சொல்வார்கள்.

"பாப்பா, இது எந்த ஊரு?"

முதலில் இவள் கண்டுகொள்ளவே இல்லை. அவர் பாட்டுக்குத் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "பாய், அவங்க சேலம்" என்றிருக்கிறாள்.

"சேலமா? ஈரோடு."

"சேலம்தான். வேணும்னா கேட்டுப் பாருங்க."

"நம்பர் பிளேட்டப் பாத்துட்டுச் சொல்ற நீ. இது கள்ளாட்டம்."

அப்புறம் தினமும் இந்தச் சண்டைதான். ஆறு மணிக்கு வந்துவிட்டாலும் நான் உள்ளே போக மாட்டேன். எதிர் பேக்கரி ஓரமாகக் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன். உள்ளே போனால் அவள் பேச்சு நின்றுவிடும். என் பிள்ளை குரலை நான் ஒளிந்து நின்று கேட்டேன்.

வயிற்றெரிச்சலாக இருக்கும். ஆமாம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பெற்றவளுக்கு இல்லாத பேச்சு குல்லா விற்கிறவருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

ஒரு நாள் வீட்டு ஜன்னலில் நின்றபடி நானும், "அந்த வேன் எந்த ஊரு, சொல்லு" என்று கேட்டுப் பார்த்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் ஒளிந்து நின்று கேட்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் ஒரு வாரம் அவள் கடைப் பக்கமே போகவில்லை. என் கோபம் எல்லாம் பாய் மேல் திரும்பியது.

"உங்ககிட்ட அப்படி என்னதான் பாய் சொல்றா அவ?"

"வேன் எந்த ஊருன்னு சொல்லுது தங்கச்சி. வேற ஒண்ணும் கெடையாது."

"அப்ப எங்கிட்ட மட்டும் ஏன் பேச மாட்டேங்குறா?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? என் மகனே எங்கிட்டப் பேசுறதில்ல. கடையப் பாக்க மாட்டேன்னு சண்ட போட்டுக் கன்னிவாடில செல்போன் கடை வச்சிருக்கான். போன் பண்ணா கட் பண்ணிர்றான். நீங்க வேணா பேசிப் பாருங்க."

விளையாட்டுக்குத்தான் நம்பர் கொடுத்தார். நானும் ஒரு வீம்பில் போட்டேன். உடைந்த டிஸ்ப்ளே மாற்ற எவ்வளவு ஆகும் என்று ஆரம்பித்தேன்... அவன் பாட்டுக்குப் பேசினான். அங்கே அடிக்கிற வெயில், கொசு, மெஸ் சாப்பாடு. பாயைத் தெரியும் என்று பிறகு சொன்னேன், அப்போதும் கட் பண்ணவில்லை. அதிலிருந்து அவனே அடிக்கடி கூப்பிடுவான், அக்கா அக்கா என்று.

அவன் பேசினான் என்று சொன்னால் போதும், பாய் வியாபாரத்தை அப்படியே விட்டுவிட்டு வருவார். "என்ன சொன்னான் தங்கச்சி? சாப்புட்டானாமா?" அந்த முகத்தைப் பார்க்கவே முடியாது.

இன்றைக்கு அந்தப் பையன் போனில் கேட்கிறான், "அக்கா, அத்தா என்னப் பத்தி எதாச்சும் சொல்வாங்களா?"

"தெனமும் கேப்பாருப்பா. சாப்புட்டானான்னு கேப்பாரு." அவன் அழுதுகொண்டே இருந்தான்.

இரண்டு பேரும் நேராக ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா பாய்...

எனக்குப் பயமாக இருக்கிறது. இதைக் கேட்டபிறகு அந்த "ம்" கூட வராமல் போய்விடுமோ? இனி அவள் யாரிடம் பேசுவாள்?

அவள் கிளாஸ் பிள்ளைகளின் அம்மாக்கள் யாராவது பார்த்தால், தயவுசெய்து யாரும் ஸ்டேட்டஸ் போட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். என் வாயால் கேட்கட்டும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்... சீக்கிரம்.

எடிட்: வந்துவிட்டாள். ஷட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அம்மா, பாய் எங்க?" என்றாள். அவளாக என்னிடம் ஒன்று கேட்டு எத்தனை காலம் ஆயிற்று... கேட்டது இதையா.

சொல்லிவிட்டேன். படியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் ஒன்றும் பேசவில்லை.

போயிட்டு வாங்க பாய்.