சார்ஜ் போட இடமில்லாத பேட்டரி

ஹோட்டல் சலவைக்கூடத்தில் அவளுக்கு மின்னல் என்று பேர். விரிப்புகளை வேகமாக மடிப்பதால் வந்த பேர் அல்ல. மதிய மணி அடித்ததும் மின்சார பைக்கில் வீட்டுக்குப் பறந்து, அடுத்த மணிக்குள் திரும்பி வந்து நிற்பாளே, அதனால் வந்தது. மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு ஊர்க்கதை அளக்கிற நேரத்தில் அவள் மூன்று மாடி ஏறி, புருஷனுக்குச் சாப்பாடு கொடுத்து, முதுகைத் துடைத்துவிட்டு, போகிற போக்கில் ஒரு சண்டையும் போட்டுவிட்டு வந்துவிடுவாள். அவர் கார்களுக்கு பெயின்ட் அடித்தவர். அந்த நெடியெல்லாம் நெஞ்சுக்குள் குடியேறிவிட்டது. இப்போது கட்டிலருகே ஆக்சிஜன் சிலிண்டர், மூக்கில் குழாய். அந்த மதியச் சண்டைக்காகத்தான் அவர் காலையிலிருந்து காத்திருப்பார்.

பழைய பேட்டரி ஒருநாள் நடுத்தெருவில் கைவிட்டது. பைக்கைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போனாள்.

"இது லெட் ஆசிட். கல்லு மாதிரி உழைக்கும், கல்லு மாதிரியே கனக்கும்," என்றார் கடைக்காரர். "இந்த ரெண்டும் லித்தியம்க்கா. இது ரொம்ப லேசு, ஆனா சூடு தாங்காது. இது பாஸ்பேட் வகை. கொஞ்சம் கனம், ஆனா சட்டுனு சூடேறாது."

மாடிப்படி, தன் இடுப்பு வலி, மழை, மேடு என்று அவரைக் குடைந்து எடுத்துவிட்டாள். வீட்டில் ஆக்சிஜன் இருப்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் 'ஐயோ பாவம்' என்று ஒரு பார்வை வரும். அது அவளுக்கு அறவே பிடிக்காது. பாஸ்பேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

புருஷன் அதைத் தட்டிப் பார்த்தார். "என்னைவிட இதுக்கு ஆயுசு கெட்டி."

"வாயைக் கழுவுங்க!"

மறுநாள் சிலிண்டர் மாற்ற வந்தவர் உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக, சார்ஜில் கிடந்த பேட்டரியின் பிளக்கைப் பிடுங்கினார்.

"இது சூடேறாத வகைங்க. கேட்டுத்தான் வாங்கினேன்."

"எந்த வகையா இருந்தா என்னம்மா? ஆக்சிஜன் ஓடுற ரூம்ல சார்ஜ் போடவே கூடாது. ஒரு பொறி போதும்."

பழையதையும் இத்தனை காலம் ராத்திரியில் அங்கேயேதான் சார்ஜ் போட்டிருந்தாள். இருப்பதோ ஒரே அறை. மாடிப்படியில் ஒயர் இழுக்கக்கூடாது என்றார் வீட்டு ஓனர். ஹோட்டலில் வேலையாட்கள் வண்டிக்கு கரண்ட் கிடையாது என்றார் மேனேஜர். கடைக்காரரிடம் ஓடினாள். ரிப்பேருக்கு வந்த வண்டிகளுக்கே பிளக் போதவில்லை, வேண்டுமானால் வகையை மாற்றித் தருகிறேன் என்றார் அவர். எதை மாற்றி என்ன செய்ய? எல்லாரும் நல்லவர்கள்தான். யாரிடமும் கோபித்துக்கொள்ளக்கூட வழியில்லை.

பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். பஸ்ஸை நம்பி மதியம் வந்து திரும்ப முடியாது. சாப்பாட்டை டப்பாவில் வைத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் வந்து பார்த்தால் பாதி அப்படியே இருக்கும்.

"ஏங்க சாப்பிடல?"

"தனியா இறங்கல."

ஒரு சாயங்காலம் கதவைத் திறந்தபோது கட்டில் காலியாக இருந்தது. குழாய் கட்டில் கம்பியில் தொங்கியது. சிலிண்டர் மூடியிருந்தது. அவர் ஜன்னலைத் திறந்துவைத்து, கம்பியைப் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தோள்கள் ஏறி இறங்கின. உதடு நீலம் பாரித்திருந்தது. சுவரோரம் பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

பிளக்கைப் பிடுங்கினாள். சிலிண்டரைத் திறந்து குழாயை அவர் மூக்கில் வைத்தாள்.

"எப்ப இருந்துங்க இப்படி?"

மூச்சு ஒரு நிலைக்கு வர வெகுநேரம் ஆனது. "பாதிக்கு மேல ஏறிடுச்சு," என்றார். "நாளைக்கு மதியம் வந்துட்டுப் போக அது போதும்ல?"

திட்டத்தான் வாயைத் திறந்தாள்.

"போதுங்க," என்றாள்.