கொட்டாங்குச்சித் தண்ணீர்

மேட்டூர் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா, பட்டுச்சேலை கட்டிக் கல்யாணத்துக்குக் கிளம்பியவர். ஆனாலும் சேலத்தில் ஏறியதிலிருந்து திரும்பித் திரும்பிப் பின்னால்தான் பார்த்தார். எதையாவது விட்டுவிட்டீர்களா என்று கேட்டேன்.

"ஊட்டைச் சுத்தி கொட்டாங்குச்சியில தண்ணி வெச்சிருக்கறனுங்க. கொசு அதுல வந்து முட்டை வெக்கும். புழுவானதும் காஞ்ச மண்ணுல ஊத்திக் கொன்னுருவேன். பழசானா கொட்டாங்குச்சியும் மக்கிரும்."

"நல்லதுதானே?"

"நேத்தே ஊத்தியிருக்கோணும். கல்யாண அவசரத்துல மறந்துபோட்டனுங்க. பறந்துருச்சுன்னா, பக்கத்தூட்டுக் கொழந்தையக் கடிக்கறது நான் வளத்த கொசுவாத்தானுங்க இருக்கும்."

மேச்சேரியில் சட்டென்று இறங்கி, எதிரே நின்ற சேலம் பேருந்தை நோக்கி ஓடினார்.

நானும் ஒரு கல்யாணத்துக்குத்தான் போனேன். பந்தியில் உட்கார்ந்திருந்தபோது ஒரு கொசு முழங்கையில் கடித்தது. அடிக்கக் கை ஓங்கியவன், இது யார் வீட்டில் வளர்ந்ததோ என்று சுற்றிலும் பார்த்தேன்.