விழிப்புணர்வு பெற்ற பயனாளி

உடல் பருமனைக் குறைக்க ஒரு கொள்கை வரப்போகிறது, கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு உங்கள் பகுதியிலிருந்து ஒரு பயனாளியை அழைத்து வாருங்கள் என்று மேலிடத்திலிருந்து போன் வந்தபோது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. ராஜா அண்ணாமலைபுரத்தை ஒட்டிய குப்பங்களுக்கான சின்ன சுகாதார நிலையம் ஒன்றில் நான் ஊட்டச்சத்து ஆலோசகர். எடை பார்ப்பேன், இடுப்பளவு எடுப்பேன், சர்க்கரை வந்தவர்களுக்கு எதைச் சாப்பிடலாம், எதை விடலாம் என்று சொல்வேன். பதினோரு வருஷத்தில் எங்களிடம் யாரும் கருத்து என்று ஒன்றைக் கேட்டதில்லை.

நான் அழைத்துப்போனது ஒரு மீன்காரம்மாவை. அவரும் எங்கள் பங்கு மாதா கோயிலுக்கு வருபவர்தான். எங்கள் வீட்டில் எல்லோரும் வாத்தியார்கள், பூசைக்கு முன்வரிசையில் உட்கார்ந்து பழகியவர்கள். அவர் பின்னால் தூணோரம் உட்காருவார். ஐம்பது தாண்டிய வயது, கனத்த உடம்பு, மூட்டுவலி, சர்க்கரை. மாதாமாதம் மாத்திரை வாங்க வருவார். மாதாமாதம் எடை கொஞ்சம் ஏறியிருக்கும். நானும் அவருடைய அட்டையில் அதே வரியை எழுதுவேன்: நடைப்பயிற்சி அறிவுறுத்தப்பட்டது. ஒருமுறை பொறுக்க முடியாமல், "வாயக் கட்டணும்க்கா, நான் சொல்றத எங்க கேக்கறீங்க?" என்று கடிந்துகொண்டேன். சிரித்துவிட்டுப் போனார்.

கூட்டம் தி. நகரில், ஒரு பெரிய ஹோட்டலில். அவர் வியாபாரத்துக்கு லீவு விட்டு, பட்டுப்புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார். வாசலில் வைத்திருந்த பேனரை நான் இரண்டு தடவை படித்தேன். கொள்கையின் பெயருக்குக் கீழே ஒரு குளிர்பானக் கம்பெனியின் சின்னம். செலவை அவர்கள் ஏற்றிருந்தார்கள். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு பை. அதில் கொள்கை வரைவு, பேனா, அதே கம்பெனியின் மாம்பழ ஜூஸ்.

வரைவைப் புரட்டினேன். முன்பு எங்களுக்கு அனுப்பிய பிரதியில் இரண்டு பக்கத்துக்குப் பரிந்துரைகள் இருந்தன. சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் மிகுந்த பாக்கெட்டுகளின் முன்பக்கத்தில் பெரிதாக எச்சரிக்கை போட வேண்டும். ரேஷனில் பருப்பையும் சிறுதானியத்தையும் கூட்டித் தர வேண்டும். இப்போது அந்த இரண்டு பக்கத்தையும் காணோம். அந்த இடத்தில் 'தனிமனிதப் பொறுப்பு' என்று ஒரு அத்தியாயம் இருந்தது. பக்கத்திலிருந்த அதிகாரியிடம் கேட்டேன். "அது நெக்ஸ்ட் ஃபேஸ்ல வரும் மேடம்," என்றார், ஜூஸில் ஸ்ட்ராவைக் குத்தியபடி.

பிறகுதான் மேடையில் எடை மெஷினைப் பார்த்தேன். மேலே நிற்பவரின் எடை பின்னாலிருக்கும் திரையில் தெரியுமாம். பயனாளி மேடைக்கு வரவும் என்று மைக்கில் கூப்பிட்டார்கள். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. நான் எழுந்திருப்பதற்குள் அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறத் தொடங்கிவிட்டார்.

"வாங்கம்மா, வெக்கப்படாதீங்க, ஏறி நில்லுங்க," என்றார் மேடையிலிருந்த டாக்டர்.

மீன்காரம்மா மெஷினைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், கீழே என்னைப் பார்த்தார். மெஷினில் ஏறவில்லை.

"இதுக்கா கூப்ட்டீங்க? எதுனா கேப்பாங்க, சொல்லுன்னு இந்த மேடம் சொல்லிச்சு. அதான் யாவாரத்த வுட்டுட்டு வந்தேன்."

டாக்டர் சமாளித்தார். "சரிம்மா, சொல்லுங்க. தினம் எவ்ளோ தூரம் நடப்பீங்க?"

"விடியறதுக்கு முன்ன கூடையத் தூக்கினா நடந்துகினுதான் கீறேன் சார். அப்பால பிளாட்பாரத்துல குந்துனா ஏந்திரிக்க முடியாது, காக்கா மீனத் தூக்கினு பூடும். ஒண்ணுக்குப் போவ அங்க ஒரு எடமும் இல்ல. அதனால தண்ணியே குடிக்கறதில்ல. பசிச்சா ஒரு பன்னு, சக்கர தூக்கலா அர கிளாஸ் டீ. சோறு துன்ன வூட்டுக்குப் போவ சொல்ல மணி நாலாயிடும். அப்ப பசி கண்ண மறைக்கும், அள்ளி அள்ளித் துன்னுவேன். பார்க்குல நடன்றாங்க. கூடையோட போனா நாறுதுன்னு வாட்ச்மேன் தொரத்துறான்."

ஹாலில் சிரிப்பு எழுந்தது. "இன்னா சிரிப்பு?" என்றார் அவர்.

எனக்கு முகம் எரிந்தது. பதினோரு வருஷம். அந்த டீயைப் பற்றியோ, அது எதற்காக என்றோ நான் ஒருநாளும் கேட்டதில்லை. எழுந்து நின்று, இந்தம்மா சொன்னதைக் குறித்துக்கொள்ளுங்கள், காணாமல்போன இரண்டு பக்கம் எங்கே என்று சொல்லுங்கள் என்று கத்தினேன். கத்தினேன் என்பதுதான் சரி. டீ பிரேக் என்று அறிவித்துவிட்டார்கள். வெளியே சமோசாவும் குலாப்ஜாமூனும் வைத்திருந்தார்கள்.

ஆட்டோவில் திரும்பும்போது, "நான் பேசினது தப்பா மேடம்?" என்று கேட்டார்.

"இல்லக்கா. தப்பு எங்க மேல."

"உங்க மேல இன்னா? நீங்க கூடத்தான் கூப்ட்டாங்கன்னு வந்தீங்க." அதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து கட்டுக்கட்டாக விழிப்புணர்வுப் புத்தகம் வந்தது, வீடுவீடாகக் கொடுக்கச் சொல்லி. பன்னிரண்டாம் பக்கத்தில் அவர் படம். பக்கவாட்டில், கைப்பிடியைப் பிடித்து மேடையேறும்போது, வயிறு மட்டும் பெரிதாகத் தெரிகிற மாதிரி எடுத்தது. கீழே 'விழிப்புணர்வு பெற்ற பயனாளி'. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் புத்தகத்தில் இல்லை. போன் செய்து கேட்டதற்கு, "நேச்சுரலா வந்திருக்கு மேடம், அதான் போட்டோம்," என்றார்கள்.

படத்தை அவரிடம் காட்டினேன். "சம்பந்தி வூட்ல பார்த்தா எம் பொண்ண இன்னா பேசுவாங்க?" என்றார். பிறகு குரல் மாறியது. "என்ன கேக்காம எப்டி போட்டாங்க?"

நான் ஒரு பிரதியைக்கூட வெளியே கொடுக்கவில்லை. அனுமதி இல்லாமல் எடுத்த படம், எழுதப்படாத பேச்சு, நீக்கிய இரண்டு பக்கம் எல்லாவற்றையும் குறித்து மேலிடத்துக்குக் கடிதம் எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். ஏன் விநியோகிக்கவில்லை என்று எனக்கு மெமோதான் வந்தது. உடனே அவர் இன்னும் ஐந்து மீன்காரப் பெண்களைக் கூட்டிக்கொண்டு என்னோடு மெமோ அனுப்பிய அலுவலகத்துக்கே வந்தார். அதிகாரி பார்க்கும்வரை வரவேற்பறை சோபாவிலிருந்து எழுந்திருக்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். மத்தியானம் தாண்டி அதிகாரி வந்தார்.

படம் போனது. எப்படி என்றால், ஒவ்வொரு பிரதியிலும் அதன்மேல் ஒரு ஆப்பிள் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். நீக்கிய இரண்டு பக்கம் திரும்ப வரவில்லை. கொள்கை அப்படியே நிறைவேறியது. மீன் விற்கும் இடத்தில் கழிப்பறை வேண்டும் என்று கேட்டதற்கு, அது தங்கள் துறையில் வராது என்று எழுத்தில் பதில் தந்தார்கள்.

என்மேல் அடுத்த வாரம் விசாரணை. மீன்காரம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டாம், வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "நானும் வரேன். அன்னிக்கு பாதிதான சொன்னேன்," என்கிறார்.